வல்லூறு, வைரி, முட்டுக்கட்டை

சேர்வராயன் கோயிலுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். குகை போன்ற தாழ்ந்த கருவறை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். கும்பிட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் ஒரே வெட்டவெளி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,300 அடி உயரத்தில், மலையின் தலையைச் சீவி எடுத்துவிட்டதுபோல ஒரு சமதளம். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளி பழங்குடி மக்கள் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் வந்து நிறைக்கும் இந்த மேட்டில் காலுக்கடியில் கிடப்பது செம்மண் அல்ல, பாக்சைட். அலுமினியத்தின் தாது.

சுமார் நான்கு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினாவும், அதிலிருந்து ஒரு டன் அலுமினியமும் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானங்களின் உடம்பு பெரும்பாலும் இந்த உலோகம்தான். ஆனால் போர் நடந்தபோது சேர்வராயன் மலையின் தாது உறங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை 1943இல் கேரளத்தின் ஆலுவாயில் இயங்கத் தொடங்கியபோது, அதற்கான அலுமினா கனடாவிலிருந்து கப்பலில் வந்தது. இந்த மலையின் மண் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் உலோகமானது 1960களில்தான்.

இந்த மேட்டின் மண்ணை ஒரு சீசாவில் எடுத்து வந்து டீ வடிகட்டியால் சலித்து வைத்திருக்கிறேன். என் மேசைமேல் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு காட்சி மாதிரிக்குத் தரையாகப் பரப்பலாம் என்று முதலில் எண்ணினேன். 1944ஆம் ஆண்டு, இலங்கையின் புத்தளம் விமானத்தளம். தரையிலிருந்து நகராத கோர்சேர் போர்விமானம் ஒன்றை யானை இழுக்கிறது. 72இல் ஒரு பங்கு அளவு. இந்தச் சின்னக் காட்சிக்காகத் தேடத் தொடங்கிய பிறகு, விமானத்தைவிட விமானத்தின் கீழே நின்றவைதான் என்னைப் பிடித்துக்கொண்டன. போர்க்கால விமானத்தளத்தின் தரைச் சாமான்களைத் தேடிப் போகிறவர், நம் மண்ணில் அந்தப் போருக்கு உழைத்தவர்களிடம் போய்ச் சேருகிறார் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

பெயரில் ஒளிந்த பறவைகள்

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை. அந்த ஏப்ரலில் சென்னை நகரமே பாதி காலியானது. பிரிட்டிஷ் கிழக்குக் கப்பற்படை ஆப்பிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. அது முழு வலுவோடு திருகோணமலைக்குத் திரும்பியது 1944இன் தொடக்கத்தில். இடைப்பட்ட காலத்தில் இந்தியா முழுவதும் 200க்கும் மேற்பட்ட விமானத்தளங்களைக் கட்டும் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சோழவரம், சூலூர், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று நம் ஊர்களின் ஓடுபாதைகள் அந்தக் காலத்தவை. செங்குன்றம் ஏரியிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் அணி கேட்டலினா பறக்கும் படகுகளை வங்கக் கடல்மீது அனுப்பியது. சென்னை குடிக்கும் தண்ணீரே அந்த விமானங்களுக்கு ஓடுபாதை.

கடற்படைக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பலுக்கு வைப்பதுபோலவே பெயர் வைத்து, எச்.எம்.எஸ். என்ற முன்னெழுத்தையும் சேர்த்துவிடும். விமானத்தளம் என்றால் பெரும்பாலும் பறவைப் பெயர். கோயம்புத்தூரில் இருந்த கடற்படை விமானப் பராமரிப்புத் தளத்தின் பெயர் ‘கருடா’. கொச்சியில் இருந்தது ‘கலுகு’. தாம்பரத்தில் ‘வல்லுரு’. சூலூரில் ‘வைரி’. ஆங்கில எழுத்துக்கூட்டலை விலக்கிவிட்டுத் தமிழ்க் காதால் கேட்டுப் பாருங்கள். கழுகு, வல்லூறு, வைரி. மூன்றும் வேட்டைப் பறவைகள். மூன்றும் நம் ஊர்ச் சொற்கள். கடல் கடந்து வந்த படை தன் தளத்துக்குப் பெயர் தேடியபோது, யாரோ ஒரு தமிழறிந்தவர் பக்கத்தில் இருந்து பறவைகளின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். இலங்கையிலும் இதே முறைதான். சிங்களத்தில் மோனரா என்றால் மயில். மஹரகமத் தளத்தின் பெயர் அது. ராஜாலியா என்பது கழுகு வகை. அதுதான் புத்தளத் தளத்தின் பெயர்.

சூலூரின் ஓடுபாதையில் இன்று தேஜஸ் விமானங்கள் இறங்குகின்றன. அந்த ஊரின் முதல் விமானத்தளத்துக்கு ஒரு தமிழ்ப் பறவையின் பெயர் இருந்தது என்பதை அந்த வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது சொல்லித் தரலாம்.

யானை என்ற இழுவை இயந்திரம்

புத்தளத்தில் யானைகள் கோர்சேர் விமானங்களை இழுக்கும் புகைப்படங்கள் போர்க்காலத்திலேயே எடுக்கப்பட்டவை. லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கின்றன. ஓடுபாதையை விட்டு விலகிய விமானம் மண்ணில் புதைந்தால் அதை மீட்கவும், தளத்துக்குள் இடம் மாற்றவும் யானைகள் வேலை செய்தன. பார்க்கிறவர் முதலில் இதை ஒரு வேடிக்கைப் படமாகவே எடுத்துக்கொள்வார். ஆனால் வனத்துறை யானை முகாமைப் பார்த்திருக்கும் நமக்கு இதில் வேடிக்கை ஏதும் இல்லை. டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் கூப்புகளில் வெட்டிய மரத்தை இழுத்து ஏற்றியவை யானைகள்தாம். சக்கரம் புதையும் மண்ணில் யானையின் கால் புதையாது. அகன்ற பாதம் அழுந்தும்போது விரியும், தூக்கும்போது சுருங்கும். ஆகவே சேற்றில் இறங்கிய காலும் எளிதில் வெளியே வந்துவிடும். இப்படி ஒரு சாதனத்தை எந்தத் தொழிற்சாலையும் செய்து தரவில்லை.

இந்தப் படங்களிலிருந்து அளவெடுப்பது எப்படி? படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கோர்சேரின் முன்விசிறி 13 அடி 4 அங்குல விட்டம் கொண்டது, ஏறத்தாழ 4.06 மீட்டர். விசிறிக்கு அருகில், கேமராவிலிருந்து அதே தூரத்தில் நிற்கும் எதையும் அதை வைத்து அளந்துவிடலாம். தூரம் மாறினால் கணக்கும் தவறிவிடும். ஆகவே நிழல் விழும் இடத்தையும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளியையும் பார்த்து, எது முன்னே, எது பின்னே என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆசியப் பெண் யானையின் தோள் உயரம் சராசரியாக 2.4 மீட்டர். 72இல் ஒரு பங்காக்கினால் 33 மில்லிமீட்டர். விசிறி 56 மில்லிமீட்டர். மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது: விசிறி யானையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிது.

நிறம் இன்னும் சிக்கலானது. அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளைப் படச்சுருளில் ஒரு வகை சிவப்பை உணராது. அதில் சிவப்பு ஏறக்குறையக் கருப்பாகவும், மஞ்சள் எதிர்பார்த்ததைவிட இருண்டும் விழும். படத்தில் கருத்துத் தெரியும் வாளி உண்மையில் சிவப்பாக இருந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஜப்பானிய விமானத்தின் செஞ்சூரியனோடு குழம்பிவிடக் கூடாது என்று இந்தப் போர்முனையில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து நடுச்சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் எடுத்த வண்ணப் படத்தைப் பார்த்து இங்கே வண்ணம் பூசினால் தவறாகிவிடும்.

சேர்வராயன் மேட்டு மண் இன்னும் சீசாவிலேயே இருப்பதற்கும் இதுவே காரணம். மலையுச்சியில் விளைந்த பாக்சைட் இது. புத்தளம் உப்பளங்கள் சூழ்ந்த கடலோரச் சமவெளி. இந்த மண் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தரைக்குச் சாட்சியாகாது.

பெட்டியில் வருபவை

விமானத்தளச் சாமான்களின் சிறுமாதிரிகளை வெளிநாட்டு நிறுவனங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பெட்டிகளில் டேவிட் பிரவுன் டிராக்டர், குண்டு ஏற்றும் தள்ளுவண்டிகள், பெட்ஃபோர்டு எரிபொருள் லாரி எல்லாம் கிடைக்கும். நேர்த்தியான வேலை. ஆனால் அவை காட்டுவது இங்கிலாந்தின் குண்டுவீச்சுத் தளத்தை. அப்படியே வாங்கி ஒட்டினால் யானைக்குப் பின்னால் ஓர் ஆங்கிலேய வயல்வெளிதான் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானத்தின் மாதிரி எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு மின்கல வண்டி நிற்கும். இரண்டு சக்கரம், ஒரு கைப்பிடி, உள்ளே ஈய அமில பேட்டரிகள். ஸ்பிட்ஃபயரின் பல வகைகளுக்கு இந்த வண்டியிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்துத்தான் என்ஜினைக் கிளப்புவார்கள். நானும் கோர்சேருக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்திருந்தேன். பிறகு என்ஜினைப் பற்றிப் படித்தபோது அதை எடுக்க வேண்டியதாயிற்று. கோர்சேரின் 18 சிலிண்டர் என்ஜின் தோட்டாவால் கிளம்பியது. துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றை அறையில் செருகி வெடிக்கச் செய்வார்கள்; அந்த வாயுவின் அழுத்தம் என்ஜினைச் சுழற்றிவிடும்.

வண்டி போன இடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். இப்படி வட்டமாக அடுக்கிய சிலிண்டர்கள் கொண்ட என்ஜின் சில மணி நேரம் நின்றுவிட்டால், கீழ்ப்பக்கச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே வெடிவைத்துக் கிளப்பினால் தண்டு வளைந்துபோகும். அதனால் முதலில் விசிறியின் இலைகளைக் கையால் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சில சுற்று தள்ளிச் சுழற்ற வேண்டும். நாலு மீட்டர் விசிறியைப் பிடித்துத் தள்ளும் மனிதர்களை நான் கம்பியிலும் களிமண்ணிலும் செய்துகொண்டேன். காட்சிக்கு அதுவே உயிர் கொடுத்தது.

அடுத்து வந்தது நிறுத்தும் கேள்வி. வெற்று எடையே நான்கு டன் இருக்கும் விமானம், சக்கரத்தில் உருண்டு வருகிறது. இழுக்கும் யானை நின்றுவிட்டால் விமானமும் நிற்குமா? நிற்காது, யானையின் பின்னங்காலில் வந்து மோதும். ஆகவே விமானி இருக்கையில் பிரேக் பிடிக்க ஒருவர் உட்கார வேண்டும். சக்கரத்தோடு நடந்து வந்து, தேவையான நொடியில் கட்டை கொடுக்க இரண்டு பேர் வேண்டும். வரலாற்று நூல் எழுதுகிறவர் ‘யானைகள் விமானங்களை இழுத்தன’ என்று ஒரே வரியில் கடந்து போகலாம். மாதிரி செய்கிறவருக்கு அந்த வசதி இல்லை. கயிற்றின் மறுமுனை எதில் கட்டியிருக்கிறது, யார் எங்கே நிற்கிறார் என்று சொல்லியே ஆக வேண்டும்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கும் வேலைக்கு நமக்குச் சொல் தேட வேண்டியதில்லை. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களைத்தான் கூட்டம் பார்க்கும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கை. சில ஊர்களில் யானை பின்னாலிருந்து நெற்றியால் முட்டித் தேரை நகர்த்தும். யானை, வடம், பெரும்பாரம், முட்டுக்கட்டை என்று புத்தளத்துக் காட்சியின் உறுப்புகள் எல்லாம் நம் மாட வீதியில் பல தலைமுறையாக இருந்தவை. பிரிட்டிஷ் கடற்படை அங்கே ஒரு புதிய தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிக்கவில்லை. இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த தொழிலறிவைக் கூலிக்கு எடுத்துக்கொண்டது. அந்தப் படையின் இல்லஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து 1944 ஏப்ரல் 19 அன்று கோர்சேர்கள் கிளம்பிச் சுமத்ராவின் சபாங் துறைமுகத் தாக்குதலில் பங்கெடுத்தன என்று போர் வரலாறு சொல்லும். கரையில் அந்த வகை விமானங்களுக்கு வடம் பிடித்தவர்களின் வேலையும் அதே வரலாற்றின் பகுதிதான்.

ஓடுபாதைக்குக் கீழே

தரைச் சாமான் என்றால் வண்டிகள் மட்டும் அல்ல. தரையே ஒரு சாமான். அமெரிக்கர்கள் 1941இல் வட கரோலினாவின் மார்ஸ்டன் ஊரருகே சோதித்துப் பார்த்த துளையிட்ட எஃகுத் தகடு, உலகெங்கும் அவசர ஓடுபாதைகளாக விரிந்தது. ஒரு தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 66 பவுண்டு எடை. ஏறத்தாழ 30 கிலோ. அதில் 87 துளைகள். ஓரத்துக் கொக்கிகளைப் பக்கத்துத் தகட்டின் துளையில் மாட்டி இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பர்மாப் போர்முனையில் இன்னொரு வகையும் இருந்தது. வங்காளத்துச் சணல் துணியைத் தாரில் ஊறவைத்து, சமன் செய்த மண்மேல் பாய்போல விரித்து அதன்மேல் விமானத்தை இறக்கினார்கள்.

எஃகுத் தகடு ஒன்றை என் அளவில் செய்து பார்த்தேன். நீளம் 42 மில்லிமீட்டர், அகலம் ஐந்தேகால். அதற்குள் ஒரு வரிசைக்கு 29 வீதம் மூன்று வரிசை துளைகள். மெல்லிய தகரத்தில் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி முடிக்க ஒரு மாலைப் பொழுது போனது. ஒரு சின்ன ஓடுபாதைக்கே இப்படிப் பல்லாயிரம் தகடுகள் தேவை. அத்தனையும் 30 கிலோ கனம், அத்தனையும் மனிதர்கள் தூக்கிப் போட்டவை. கைவிரல் வலித்தபோதுதான் அந்த எண்ணிக்கையின் கனம் எனக்குத் தெரிந்தது.

ஆனால் இந்தியத் தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் எஃகு இல்லை, சல்லிக்கல்லும் மண்ணும்தான். அந்தக் காலப் புகைப்படங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே காட்சி. ஒரு பக்கம் பளபளக்கும் விமானம். மறு பக்கம் தலையில் கூடையோடு வரிசையாக நடக்கும் பெண்கள். குந்தி உட்கார்ந்து சுத்தியலால் கல் உடைப்பவர்கள். கடப்பாரை, மண்வெட்டி, சும்மாடு, கூடை. விமானத்தளச் சாமான்களின் பட்டியலை ஒழுங்காக எழுதினால் எரிபொருள் லாரிக்கு முன்னால் வரவேண்டியது இந்தக் கூடை. அது இல்லாமல் லாரி நிற்க இடமே இருந்திருக்காது.

எரிபொருளும் எப்போதும் லாரியில் வரவில்லை. நாலு காலன், அதாவது சுமார் 18 லிட்டர் பிடிக்கும் சதுரத் தகர டின்களில் வந்தது. மெல்லிய தகரம், வெயிலிலும் குலுக்கலிலும் பற்றாசு விட்டு ஒழுகும். நம் வீடுகளில் அந்த டின் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அடித்துத் தண்ணீர் சுமந்தார்கள், அரிசி கொட்டி வைத்தார்கள். இரவில் ஓடுபாதையின் ஓரத்தைக் காட்ட வரிசையாக வைத்த மண்ணெண்ணெய் விளக்கும் நமக்கு அந்நியமானதல்ல. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளிபோல வயிறு, நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் தடித்த திரி. என் மேசையில் அந்த டின் ஒரு அரிசி மணி நீளம்கூட இல்லை. ஆனால் பார்க்க வருகிற பெரியவர்கள் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

கற்கோடரியின் பாடம்

சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் வாழ்ந்து, அங்கேயுள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவிடம் கொண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வுக்கே தொடக்கமானது. பல்லாவரம் இன்று சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையை ஒட்டிய ஊர். ஃபூட் தேடியவை மன்னர்களின் கல்வெட்டுகள் அல்ல. யாருடைய பெயரும் பொறிக்காத வேலைக் கருவிகளையே தேடினார். விளிம்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, கையில் எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்து, அதைப் பிடித்த மனிதரைப் பற்றி எழுதினார். விமானத்தளத்தின் மின்கல வண்டியையும் முட்டுக்கட்டையையும் ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

சேலம், தர்மபுரி வட்டாரத்து மலைகளிலும் சவ்வாது மலையிலும் புதிய கற்காலத்தின் வழவழப்பான கற்கோடரிகளை மரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் அடுக்கி வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. உழும்போது கிடைத்த கருவியை, யார் செய்தது என்று தெரியாவிட்டாலும், எறிந்துவிடாமல் சாமியிடம் கொண்டுவந்து வைத்தார்கள். அதனால்தான் ஆய்வாளர்களுக்கு அவை கிடைத்தன.

போர்க்கால விமானத்தளங்களுக்கு நாம் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை. சோழவரத்து ஓடுபாதையில் போருக்குப் பிறகு பல ஆண்டுகள் கார் பந்தயங்கள் நடந்தன. பந்தயம் நினைவிருக்கிற அளவுக்குப் போர் நினைவில்லை. வேறு ஊர்களில் சிமென்ட் தளத்தை முள்செடி மூடிக்கொண்டிருக்கிறது. 1944இல் பத்து வயதுப் பிள்ளையாக ஓடுபாதை வேலையை வேடிக்கை பார்த்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அம்மா என்ன கூலி வாங்கினாள், கல் எந்தக் குன்றிலிருந்து வந்தது, எந்த வயல் போனது என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள இருப்பது கொஞ்ச காலம்தான். கல்லூரி வரலாற்றுத் துறைகளும் உள்ளூர் ஆர்வலர்களும் தங்கள் ஊர் ஓடுபாதையிலிருந்து தொடங்கலாம். மாதிரி செய்பவர்கள் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுக்கலாம். எங்களுக்குத்தான் வெற்றிடம் விட வழியில்லையே.

என் காட்சியில் விமானியின் உருவம் பெட்டியோடு வந்தது. யானைமேல் இருக்கும் பாகனும், விசிறி தள்ளுபவர்களும், தூரத்தில் கூடையோடு போகும் இரண்டு பெண்களும் நான் செய்தவை. ஒவ்வொருவரும் 23 மில்லிமீட்டர் உயரம். கடைசியாகச் செய்தது முட்டுக்கட்டைக்காரர்கள் இருவரை. ஒருவர் கட்டையைச் சக்கரத்தடியில் கொடுத்துவிட்டார். மற்றவர் இன்னும் குனிந்திருக்கிறார். கண் யானையின் காலில் இருக்கிறது. அவர் கட்டை போட்டால்தான் அந்த நான்கு டன் நிற்கும்.